ஈ மருந்தைத் தீவனத்தில் கலக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை விட்டு வெயில் ஏறும் நாட்களில் கறவை மாடு வைத்திருப்போர் வீடுகளில் பெருந்தொல்லை ஈதான். கறக்க உட்கார்ந்தால் மாடு காலைத் தூக்கி உதைக்கிறது. வால் வீச்சில் பால் பாத்திரம் கவிழ்கிறது. மேய விட்டால் புல்லில் வாய் வைக்காமல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தச் சமயத்தில்தான் தீவனக் கடைகளிலும் கைப்பேசிக் குழுக்களிலும் ஒரு வாக்குறுதி சுற்றுகிறது: "இந்தப் பொடியைத் தவிட்டில் கலந்து கொடுங்கள், மாட்டின் மேல் ஈயே உட்காராது." அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களை நினைத்தே இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறோம்.

தீவனத்தில் கலந்து கொடுக்கும் ஈ மருந்து என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மேய்ச்சல் மாடுகளுக்கு 1970களிலிருந்து கொடுத்து வருகிறார்கள். ஆனால் அது வேலை செய்யும் இடம் மாட்டின் தோல் அல்ல, சாணம். மாடு தின்ற மருந்தில் ஒரு பங்கு சாணத்தோடு வெளியே வருகிறது. அந்தச் சாணத்தில் ஈ முட்டையிட்டால், பொரித்த புழு ஈயாக மாறாமல் சாகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பறந்து வருகிற ஈயை அது விரட்டாது, கொல்லாது. மருந்து தின்ற மாடும் தின்னாத மாடும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஈ இரண்டின் மேலும் ஒரே மாதிரிதான் உட்காரும். ஆகவே "ஈ உட்காராது" என்று சொல்லி விற்கிறவர் தன் சரக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் விற்கிறார், அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

அடுத்த கேள்வி, எந்த ஈ என்பது. எல்லா ஈயும் சாணத்தில் பிறப்பதில்லை. இதை அறியாமல் செலவு செய்தால் காசு முழுக்க எருக்குழிக்குத்தான் போகும்.

கண், மூக்கு, புண், பால் பாத்திரம் என்று மொய்ப்பது வீட்டு ஈ. அது கடிக்காது, நக்கிக் குடிக்கும். கொம்பு ஈ என்றும் எருமை ஈ என்றும் சொல்லப்படுவது அதில் பாதி அளவுதான் இருக்கும். திமில், முதுகு, தோள், வெயில் நேரத்தில் அடிவயிறு என்று கூட்டமாக ஒட்டியிருக்கும். தலை கீழ்நோக்கி இருக்கும். இரவு பகல் இரண்டும் மாட்டின் மேலேயே குடியிருந்து, நாளைக்கு இருபது முப்பது தடவை இரத்தம் குடிக்கும். மாடு சாணி போட்டதும் பெட்டை ஈ இறங்கி, சூடு ஆறாத சாணத்தில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மாட்டுக்கே ஏறிவிடும். மூன்றாவது, கால்களில், அதுவும் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து குத்தும் கடி ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து ஊசி போன்ற குழல் முன்னே நீட்டியிருக்கும், தலை மேல்நோக்கி இருக்கும். மாடு ஓயாமல் காலை உதறித் தரையை மிதித்தால் அது கடி ஈதான். ஓரிரு நிமிடம் குடித்துவிட்டுச் சுவரிலும் வேலியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மூன்றில் தீவன மருந்துக்கு முழுமையாக அகப்படுவது கொம்பு ஈ ஒன்றே. ஏனென்றால் அது புதுச் சாணத்தைத் தவிர வேறெங்கும் முட்டையிடாது. கடி ஈக்குப் பிடித்த இடம் வேறு: மூத்திரம் ஊறிய வைக்கோல், தீவனம் வைக்கும் காடியின் அடியில் மிதிபட்டு அழுகும் தட்டைக் கூளம், கன்று கட்டும் இடத்தில் ஒரு மாதமாக மாற்றாத படுக்கை. வீட்டு ஈக்கு ஈரமும் புளிப்பும் இருந்தால் போதும். கெட்டுப்போன சைலேஜ், சிந்திய புண்ணாக்குத் தண்ணீர், பீர் ஆலைக் கழிவு, சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் ஈரத் திப்பி எல்லாம் அதற்குத் தொட்டில். அந்த இடங்களுக்கு மாட்டின் குடல் வழியாக மருந்து எப்படிப் போய்ச் சேரும்? குதிரை ஈ என்கிற பெரிய கடி ஈ வேறு, ஏரி குளக்கரைச் சேற்றில் பிறப்பது. அதற்கும் தீவனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எந்த ஈ என்று தெரியாமல் மருந்து வாங்க வேண்டாம். காலை எட்டு மணி அளவில், மாடு அசையாமல் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள். முன்னங்கால் ஒன்றுக்குச் சராசரியாக 5 கடி ஈ இருந்தால் பால் குறையும் அளவுக்குத் தொல்லை இருக்கிறது என்று பொருள். கொம்பு ஈ என்றால் மாடு ஒன்றுக்கு 200 வரை தாங்கும் என்பது வெளிநாட்டு மேய்ச்சல் மாடுகளில் வைத்திருக்கும் கணக்கு; ஒரு பக்கம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும்.

அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. கொட்டகையைச் சுற்றிச் சந்தேகப்படும் ஐந்தாறு இடங்களில், அதாவது காடியடி, தண்ணீர்த் தொட்டி ஓரம், சிமென்ட் தளமும் மண்ணும் சேரும் விளிம்பு, கன்றுப் படுக்கை, எருக்குழி ஓரம், மேய்ச்சலில் விழுந்து மூன்று நாள் ஆன சாணம் ஆகியவற்றிலிருந்து இரண்டு கைப்பிடி வீதம் அள்ளுங்கள். குச்சியால் கிளறினால் அரிசி போல வெள்ளைப் புழுவும், காய்ந்த ஓரத்தில் மாதுளை விதையளவு பழுப்புக் கூடும் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனி ஊறுகாய் ஜாடியில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டி, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். காய்ந்து போகாமல் இரண்டு நாளைக்கு ஒரு முறை சில சொட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் எந்த ஜாடியில் ஈ பறக்கிறதோ அந்த இடம்தான் உங்கள் ஈப் பண்ணை. சாண ஜாடி காலியாக இருந்து காடியடி ஜாடி நிறைந்திருந்தால், தீவனப் பொடிக்கு வைத்திருந்த பணத்தைக் காடியைச் சுற்றித் தளம் போடச் செலவழிக்கலாம்.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொடியின் பெயரைக் கேட்காமலே வாங்குகிறார்கள். மெத்தோபிரீன் என்பது பூச்சியின் இளமைச் சுரப்பை ஒத்த பொருள். புழு வளரும், கூடு கட்டும், ஆனால் கூட்டிலிருந்து ஈ வெளியே வராது. இது கொம்பு ஈக்கு மட்டுமே. டைஃப்ளூபென்சுரான், புழு சட்டை உரிக்கும்போது புதுத் தோலுக்குத் தேவையான கைட்டின் உருவாகாமல் தடுக்கும். டெட்ராகுளோர்வின்ஃபாஸ் பழைய வகை; ஆர்கனோ பாஸ்பேட் இனம், புழுவின் நரம்பைத் தாக்கும். அதைக் கொடுக்கும் நாட்களில் அதே இனத்தைச் சேர்ந்த உண்ணி மருந்தை மாட்டின் மேல் அடித்தால் நஞ்சு இரட்டிப்பாகும்.

கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த சைரோமசின் நான்காவது. முட்டைக் கோழித் தீவனத்தில் டன்னுக்கு 5 கிராம் மருந்து, அதாவது 1 சதவீதப் பொடியாக 500 கிராம், நாலு முதல் ஆறு வாரம் கொடுத்து அடுத்த நாலு வாரம் நிறுத்துவது வழக்கம். நாமக்கல்லில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிக் கறவை மாட்டுத் தவிட்டில் போடுவது பெருந்தவறு. அது கோழிக்கு அளவிட்ட சரக்கு. பாலில் எவ்வளவு தங்கும், எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும் என்று எந்த உறையிலும் எழுதியிருக்காது. சைரோமசின் சிதையும்போது மெலமைன் உண்டாகும் என்பதும் தெரிந்த விஷயம். 2008இல் சீனத்தில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளின் சிறுநீரகம் பழுதானதை உலகமே பார்த்தது. அங்கே நடந்தது வேண்டுமென்றே செய்த கலப்படம், அளவும் மிகப் பெரியது. ஆனாலும் குழந்தை குடிக்கும் பாலில் அளவு தெரியாத எதையும் சேர்க்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டைஃப்ளூபென்சுரான் நம் நாட்டில் 25 சதவீத நனையும் தூளாகப் பயிருக்கும் கொசுப்புழு ஒழிப்புக்கும் கிடைக்கிறது. பெயர் ஒன்றுதானே என்று அதைத் தீவனத்தில் கலக்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் மாட்டுக்கு அனுமதித்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 0.1 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு 40 மில்லிகிராம். 25 சதவீதத் தூளில் அது 0.16 கிராம். மளிகைக் கடைத் தராசில் அதை நிறுக்க முடியாது. கைக்கு வந்த ஒரு சிட்டிகை 1 கிராம் இருந்தாலே ஆறு மடங்கு போய்விடும். பயிர்த் தூளில் மருந்தோடு சேர்ந்திருக்கும் மற்ற பொருட்கள் மாடு தின்பதற்கென்று தேர்ந்தவையும் அல்ல.

முறையாகப் பதிவு பெற்ற, மாட்டுக்கென்றே தயாரித்த கலவை கையில் இருக்கிறது, ஜாடிச் சோதனையில் கொம்பு ஈதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கலக்கும் விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. முதலில் மாட்டின் எடை தெரிய வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி இன்ச் டேப்பால் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். நெஞ்சுச் சுற்று 68 இன்ச், நீளம் 56 இன்ச் என்றால் 392 கிலோ. கண்மதிப்பில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

டைஃப்ளூபென்சுரான் பொடி 1 சதவீதம் என்று கொண்டால் அந்த மாட்டுக்கு நாளைக்கு 4 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. மாடு நாளைக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்றால் 50 கிலோ மூட்டை பத்து நாளைக்கு வரும். மூட்டைக்கு 40 கிராம் பொடி. இந்த 40 கிராமை நேராக மூட்டையில் கொட்டிக் கிளறினால் ஒரு நாள் மூன்று நாள் பங்கு மாட்டுக்குப் போகும், இன்னொரு நாள் ஒன்றுமே போகாது. முதலில் அரை கிலோ தவிட்டில் கையால் பிசறுங்கள். அதை ஐந்து கிலோ தவிட்டில் சேர்த்துப் பிசறுங்கள். பிறகு தார்ப்பாயில் முழு மூட்டையையும் விரித்து, மேலே தூவி, மண்வெட்டியால் நாலு தடவை இடம் மாற்றிப் புரட்டுங்கள். காற்றில் பொடி பறக்காத இடமாக இருக்க வேண்டும், மூக்கில் துணி கட்ட வேண்டும். உறையில் எழுதிய அளவு மேலே சொன்னதற்கு மாறாக இருந்தால் உறைதான் சரி.

நம் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தவிடும் புண்ணாக்கும் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் உள்ள பழக்கம். டைஃப்ளூபென்சுரான் தண்ணீரில் கரையாது. கரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் வண்டலாக இறங்கிவிடும். முதலில் குடிக்கும் மாட்டுக்குத் தெளிந்த தண்ணீர், கடைசி மாட்டுக்கு மருந்து முழுவதும். தொட்டியைக் கழுவி விட்டால் மிச்சம் சாக்கடைக்கு. கொடுப்பதானால் ஈரம் தெளித்துப் பிசறிய உலர்தீவனத்தில், மாட்டுக்குத் தனிக் கூடையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் பலன் இல்லை. மருந்து குடலில் தங்காது. கொடுப்பதை நிறுத்திய ஓரிரு நாளிலேயே மருந்து இல்லாத சாணம் விழத் தொடங்கும்; அதில் ஒரு பெட்டை ஈ முட்டையிட்டால் போதும். கோடையில் கொம்பு ஈ முட்டையிலிருந்து ஈயாக வெளிவரப் பத்து நாள் கூடப் போதும். அதேபோல், மருந்து தொடங்கிய மறு வாரமே ஈ குறையவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் சரியல்ல. ஏற்கெனவே பறக்கும் ஈ தன் ஆயுள் முடிய மூன்று நாலு வாரம் இருக்கும். குளிர் நாடுகளில் ஈ வருவதற்கு 30 நாள் முன்னரே தொடங்கி, பனி விழுந்து ஈ அற்றுப்போகும் வரை கொடுக்கிறார்கள். நமக்குப் பனியும் இல்லை, ஈ அற்றுப்போகும் மாதமும் இல்லை. அவர்களுடைய அட்டவணையை அப்படியே இங்கே அச்சடித்துக் கொடுப்பதில் பொருள் இல்லை. மழைக்கு ஒரு மாதம் முன்பு தொடங்குவது என்று நம் பருவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் பக்கத்து வீட்டு மாடு தின்னவில்லை என்றால்? கொம்பு ஈ சில கிலோமீட்டர் தூரம் பறந்து புதிய மாட்டைத் தேடக் கூடியது. ஒரு தெருவில் முப்பது வீட்டில் எழுபது மாடு நிற்கும்போது மூன்று மாட்டுக்கு மட்டும் பொடி கலப்பதால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஒரு சொசைட்டியில் பால் ஊற்றும் எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் கணக்கு நிற்கும்.

தீவன மருந்துக்கு நிஜமாகவே இடம் உள்ள ஒரு சூழல் நம்மிடமும் இருக்கிறது: காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடு. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக உள்ள மேய்ச்சல் காடுகள் அவை. காங்கயம் மாடுகள் அங்கே இரவும் பகலும் விடப்படும், சாணம் விழுந்த இடத்தில் கிடக்கும். கொம்பு ஈக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. ஆனால் அந்த மாடுகளுக்குத் தினம் அடர்தீவனம் வைப்பதில்லை என்பதால் தாது உப்புக் கட்டியில் மருந்து சேர்த்து நக்க விடும் முறைதான் பொருந்தும். அதிலும் முட்டித் தள்ளும் மாடு அதிகம் நக்கும், ஒதுங்கி நிற்கும் கிடேரிக்குக் கிடைக்காது. ஆகவே ஒரே கட்டியைத் தொங்க விடாமல், பத்து மாட்டுக்கு மூன்று நாலு இடத்தில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து எட்ட வைக்க வேண்டும். மழையில் கரையாமல் மேலே சின்னக் கூரை வேண்டும். வாரம் ஒரு முறை கட்டியை எடை போட்டு, எவ்வளவு குறைந்தது என்று எழுதி வைத்து, மாட்டுக்குச் சராசரி என்ன என்று பார்க்க வேண்டும். அளவுக்குக் குறைவாக நக்கினால் வேறு உப்பு கிடைக்கிறதா என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும்.

கொரங்காட்டில் எங்களுக்கு ஒரு கவலையும் உண்டு. அங்கே சாணத்தை வாரி மண்ணுக்குள் கொண்டுபோவது சாணி வண்டு. ஒரு சாண வட்டை வண்டுகள் ஓரிரு நாளில் தூளாக்கிப் புதைத்துவிட்டால் ஈப் புழுவுக்கு உணவே மிஞ்சாது. ஆஸ்திரேலியாவில் திமோர்ப் பக்கமிருந்து எருமைகளோடு போய்ச் சேர்ந்த எருமை ஈயும், புதர் ஈயும் பெருகியபோது, அங்கத்து வண்டுகளுக்கு மாட்டுச் சாணத்தைக் கையாளத் தெரியாததால், 1960களின் கடைசியிலிருந்து வெளிநாட்டுச் சாணி வண்டுகளை இறக்குமதி செய்து காட்டில் விட்டார்கள். நம்மிடம் அவை இயற்கையாகவே இருக்கின்றன. கைட்டினைத் தடுக்கும் மருந்துக்கு ஈப் புழு, வண்டுப் புழு என்ற பேதம் கிடையாது. மெத்தோபிரீன் அந்த வகையில் வண்டுக்குக் குறைந்த கேடு. மேய்ச்சல் காட்டில் கொடுப்பதானால் இதைக் கேட்டு வாங்குங்கள். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டாலும் சில வாரம் சாணத்தில் அது வெளியேறி வண்டுப் புழுவைக் கொல்லும் என்பதையும், கறவை மாட்டுக்கு அந்த ஊசி ஆகாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இயற்கை வழி என்று பரவும் செய்திகளுக்கு வருவோம். பூண்டு அரைத்துத் தீவனத்தில் கொடுத்தால் வியர்வை வாசனைக்கு ஈ வராது என்கிறார்கள். உப்புக் கட்டியில் பூண்டுப் பொடி சேர்த்துச் சில நாடுகளில் விற்கிறார்கள்தான். ஆனால் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. பூண்டு வாசனை பாலில் ஏறும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை, கறப்பதற்குச் சற்று முன் கொடுத்தால் அந்த வேளைப் பாலிலேயே தெரியும். கந்தகம் கலப்பது இன்னும் மோசம். மாடு தின்னும் மொத்த உலர்தீவனத்தில் கந்தகம் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் முதல் வயிற்றில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி மூளையைத் தாக்கலாம். மாடு கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். செம்புச் சத்தையும் உடம்பில் சேர விடாது.

வேம்பு மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் சாணத்தில் மிகச் சொற்ப அளவு இருந்தாலே கொம்பு ஈப் புழுவைக் கொல்லும் என்பது ஆய்வில் தெரிந்தது. அதே ஆய்வில் கடி ஈக்கும் வீட்டு ஈக்கும் பல மடங்கு தேவைப்பட்டது. அந்த அளவுக்குக் கசப்பை மாடு தின்னாது. தின்ன வைத்தால் தீவனமே குறைந்து பாலும் குறையும். தண்ணீரில் கழுவிக் கசப்பெடுத்த வேப்பம் புண்ணாக்கைக் கொடுத்தால் தின்னும், ஆனால் புழுவுக்கு ஆகாத சத்தும் கழுவிய தண்ணீரோடு குறைந்திருக்கும். புண்ணாக்கை மாட்டுக்குள் செலுத்துவதைவிட எருக்குழி ஓரத்தில் தூவுவது புத்திசாலித்தனம். தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் மரபு மருந்து ஒன்றும் இருக்கிறது: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து வடிகட்டி உடம்பு முழுக்கத் தெளிப்பது. உண்ணிக்கும் மற்ற வெளி ஒட்டுண்ணிக்கும் சொன்னது. இது மேலே தெளிக்க மட்டுமே. உண்ணிச்செடி இலை மாட்டின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் அரைத்த விழுதைக் காடியருகே வைக்கவே கூடாது.

கட்டுத்தறியில் மாடு வளர்க்கும் பெரும்பாலோருக்குத் தேவை பொடி அல்ல, வாரத்தில் இரண்டு நாள். வீட்டு ஈ கோடையில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை, ஆயுளில் ஐந்நூறு வரை இடும். ஆகவே நாலு நாளைக்கு ஒரு முறை எல்லா ஈர மூலைகளையும் சுரண்டி எடுத்துவிட்டால் எந்தப் புழுவும் ஈயாவதற்கு நாள் கிடைக்காது. தினம் வாரும் சாணத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அதை எல்லாரும் வாருகிறார்கள். வாராமல் விடும் இடங்களைத்தான் சொல்கிறோம். காடியின் அடிச்சுவர், ரப்பர் பாயைத் தூக்கினால் கீழே உள்ள கறுப்புச் சேறு, முளைக்குச்சியைச் சுற்றிய பள்ளம், மூத்திர ஓடை கொட்டகையைத் தாண்டி மண்ணில் இறங்கும் இடம். இந்தக் கடைசி இடம்தான் பெரும்பாலும் மறந்துபோகிறது. தளத்துக்கு நாற்பது அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, ஓடையை மண்ணில் விடாமல் மூடிய தொட்டிக்கோ தென்னைக்கோ குழாய் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.

சாணத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பாதிக்குக் கீழே காய்ந்துவிட்டால் புழு வளராது. வறட்டி தட்டினால் ஈ வராததற்குக் காரணம் அதுதான். சாண எரிவாயுக் கலனுக்கு அன்றன்றே கரைத்து ஊற்றுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை குறைவு. எருக்குழி வைத்திருப்பவர்கள் சாணத்தைப் பரப்பிப் போடாமல் ஒரு மூலையிலிருந்து குவித்து மிதித்து, தார்ப்பாயால் இறுக்கி மூடி, விளிம்பில் மண் அணைக்க வேண்டும். உள்ளே சூடு ஏறும்போது புழு சூடு குறைந்த, காய்ந்த ஓரத்துக்கு நகர்ந்து கூடு கட்டும். அந்த ஓரத்தை நாலு நாளைக்கு ஒரு முறை கிளறி விட்டால் நாட்டுக்கோழி பார்த்துக்கொள்ளும். குவியல் மேல் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம். ஈயின் கூட்டைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் பொடிக்குளவிகள் அங்கேதான் இருக்கின்றன. மருந்தடித்தால் முதலில் அவை சாகும், ஈ மட்டும் மறுபடி பெருகும்.

மாட்டின் மேல் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கடி ஈ நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடம்தான் மாட்டில் இருக்கிறது. காலில் அடித்த மருந்து ஈரப் புல்லில் நடந்தாலே கழுவிப் போகும். அடிப்பதானால் அது பகலில் உட்காரும் நிழல் சுவரிலும் தூணிலும் அடியுங்கள், காடியையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடிவிட்டு. வெல்லக் கரைசல் பாட்டில் பொறியில் விழுவது வீட்டு ஈ மட்டுமே. அதைக் கொட்டகைக்குள் தொங்க விட்டால் வெளியே இருக்கும் ஈயையும் உள்ளே அழைத்ததாகும், முப்பது நாற்பது அடி தள்ளி வையுங்கள். கறக்கும் நேரத்தில் மாட்டின் கால் உயரத்துக்கு ஒரு ஃபேன் ஓடினால் உடனடி நிம்மதி அதிலேயே கிடைக்கும்.

ஈ வெறும் தொல்லையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். காம்பில் கொம்பு ஈ கடித்த புண் வழியாக மடிநோய்க் கிருமி ஏறுகிறது. சர்ரா நோயைக் குதிரை ஈயும் கடி ஈயும் இரத்தத்தோடு சுமக்கின்றன. 2019இல் நம் நாட்டில் முதலில் ஒடிசாவில் கண்டறியப்பட்டு 2022இல் பல மாநிலங்களில் மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோய் பரவியதிலும் கடிக்கும் பூச்சிகளுக்குப் பங்கு உண்டு. அதனால்தான், பலன் தராத பொடியை நம்பி மூன்று மாதத்தை வீணாக்குவது காசு நட்டம் மட்டுமல்ல என்கிறோம்.

கால்நடை பராமரிப்புத் துறையிடமும் பால் கூட்டுறவு ஒன்றியங்களிடமும் எங்கள் கோரிக்கை இது. ஈக்கென்று சொல்லித் தீவனத்தில் கலக்க விற்கும் எந்தச் சரக்கின் உறையிலும் மருந்தின் பெயர், அதன் சதவீதம், எந்த ஈக்கு, 100 கிலோ உடல் எடைக்கு நாளைக்கு எத்தனை கிராம், கறவை மாட்டுக்குக் கொடுக்கலாமா, பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும், பதிவு எண் என்ன ஆகியவை தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது; வயலுக்கு வாங்கும் மருந்தின் உறையில் இந்த விவரங்களைக் கேட்கிற நாம், பாலாக வீட்டுக்குள் வரும் மருந்துக்கும் கேட்க வேண்டும். அதுவரை, இந்த ஏழில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த உறையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்; எதை வாங்குவதானாலும் உறையைப் படம் எடுத்து உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவத்திலும் பண்ணைப் பராமரிப்பிலும் உள்ள சிலர்,
ஈரோடு மாவட்டம்.